செப்புத் தகட்டில் ஒரு முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்னும் பழமொழியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பெண் பார்க்கச் செல்லும்போதும், கடைக்கு ஆள் அமர்த்தும்போதும், பங்குக்குப் புதிதாக வந்த குருவானவரை முதல் ஞாயிறன்று பீடத்தருகில் காணும்போதும் அதை நம்பியே நடக்கின்றோம். சிரித்த முகமானால் நல்ல மனம் என்கின்றோம். இறுகிய முகமானால் நெஞ்சில் ஈரமில்லை என்கின்றோம். இத்தகைய தீர்ப்பை வழங்க நமக்கு ஒரு நொடி போதும். அதை மாற்றிக்கொள்ளச் சிலருக்கு ஒரு வாழ்நாள் முழுவதும் போதவில்லை. இப்பழக்கம் நீதியானதுதானா என்று எண்ணிப் பார்க்க முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓவியம் ஒன்று நமக்குத் துணை செய்கின்றது.

அது பிரெஞ்சு நாட்டில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட ஓவியம். நீள்வட்டச் சட்டத்தினுள் ஓர் ஆண்மகனின் மார்பளவு உருவம். தோள்வரை புரளும் தலைமுடி, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கரிய மேலுடை. மூக்கு பெரியது, வளைந்தது. இமைகள் கனத்தவை. மூடிய உதடுகளில் சிரிப்பின் சாயல் இல்லை. செதுக்கியவர் ஜெரார் எதெலிங்க். 1640இல் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்து, 1666இல் பாரிசுக்கு வந்து, 1707இல் இறக்கும்வரை தம் தொழிலில் முதல் வரிசையில் நின்றவர். படத்தில் இருப்பவர் பிளேஸ் பாஸ்கல்.

பாஸ்கலை நம்முள் பலர் பள்ளிப் பாடநூலில் சந்தித்திருப்போம். காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகின்றது. புயற்காலத்து வானிலை அறிக்கையைக் கேட்பவர் எவரும் அப்பெயரைத் தப்ப முடியாது. கூட்டல் கழித்தல் செய்யும் எந்திரத்தை இருபது வயதுக்குள் வடிவமைக்கத் தொடங்கியவர். பிற்காலத்தில் தம் அறிவையெல்லாம் கிறிஸ்தவ மறையின் உண்மையை எடுத்துரைக்கும் நூல் ஒன்றுக்காகத் திரட்டியவர். நூலை முடிக்கும் முன்னரே, 1662ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிசில் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. எழுதி வைத்திருந்த குறிப்புகளே பின்னர் 'சிந்தனைகள்' என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றன.

இந்த ஓவியத்தைக் காண்போர் பெரும்பாலும் ஒன்றையே சொல்வர்: எத்தனை துயரமான, எத்தனை கண்டிப்பான மனிதர்! மனிதனின் சிறுமையைப் பற்றி அத்தனை எழுதியவருக்கு இப்படித்தானே முகம் இருக்க முடியும் என்றும் சேர்த்துக்கொள்வர். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். இந்தக் கண்டிப்பு பாஸ்கலுடையதுதானா?

பரோக் காலம் என்றவுடன் பொன்முலாம் பூசிய பீடங்களும் சுழன்றெழும் மேகங்களும் சிறகு விரித்த வானதூதர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே காலம் கறுப்பு வெள்ளையில் ஓர் அமைதியான கலையையும் வளர்த்தது. பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டை ஒரு தோல் மெத்தையின்மேல் வைத்து, கூர்மையான எஃகு உளியைக் கையால் தள்ளித் தள்ளிக் கோடுகளை வெட்ட வேண்டும். வளைகோடு வேண்டுமானால் கையைத் திருப்புவதைவிடத் தகட்டைத் திருப்புவதே முறை. அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கன்னத்தின் மென்மையும் துணியின் கருமையும் தடித்தும் மெலிந்தும் செல்லும் கோடுகளாலேயே பிறக்க வேண்டும். பிறகு வெட்டுகளில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை விரித்து உருளைகளுக்கிடையே செலுத்தினால் படம் தாளில் ஏறும். அதுவும் இடம் வலம் மாறி ஏறும். 1660ஆம் ஆண்டு மே மாதம் மன்னர் பதினான்காம் லூயி, செதுக்கோவியம் கைவினைச் சங்கங்களின் கட்டுக்கு உட்பட்டதன்று, அது சுதந்திரமான ஒரு கலை என ஆணை பிறப்பித்தார். இக்கலை எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அக்காலத்து உருவச் செதுக்கோவியர்களில் தலைசிறந்தவர் இராபர் நாந்தெய். அவர் தம்மிடம் வருவோரை எதிரில் அமர்த்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரைவாராம். பேசும்போதுதான் முகம் முகமாக இருக்கும் என்பதை அறிந்தவர் அவர். மௌனமாக அமர்ந்திருப்பவனின் முகம் காத்திருப்பவனின் முகம் மட்டுமே.

பாஸ்கல் எவர் எதிரிலும் அவ்வாறு அமரவில்லை. அவர் உயிர் பிரிந்த பிறகே அவருடைய முகத்தில் சாந்து அப்பி வார்ப்பு எடுத்தார்கள். அந்த முகவார்ப்பை வைத்துக்கொண்டு பிரான்சுவா கெனெல் என்னும் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் ஓர் உருவம் தீட்டினார். அவ்வண்ண ஓவியத்தை வைத்துக்கொண்டே எதெலிங்க் செப்பில் செதுக்கினார். முகத்திலிருந்து சாந்துக்கும், சாந்திலிருந்து வண்ணத்துக்கும், வண்ணத்திலிருந்து செம்புக்கும், செம்பிலிருந்து தாளுக்கும் வந்து சேர்ந்த முகம் இது. நோயால் நைந்து, நெடுநாள் வலி தின்று, படுக்கையில் மல்லாந்து கிடந்த ஒருவரின் முகத் தசை எப்படி இருக்கும் என்பதை, இறந்தோர் வீட்டில் இரவு விழித்து செபமாலை சொல்லியிருக்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அமைதி இறந்தவரின் குணமன்று. அது சாவின் குணம்.

முகவார்ப்பில் கண்கள் மூடியிருக்கும். ஓவியத்திலோ கண்கள் திறந்து நம்மைப் பார்க்கின்றன. அவற்றைத் திறந்தது ஓவியரின் கை. ஆக, பாஸ்கலின் ஆழ்ந்த துயரம் என்று நாம் எதைச் சொல்லி உருகுகின்றோமோ அதில் ஒரு பாதி சாவு தந்தது. மறு பாதி ஓவியர் தந்தது.

உயிரோடிருந்த பாஸ்கலை அவர் வீட்டார் வேறு விதமாகவே நினைவு வைத்திருந்தனர். அவருடைய அக்காள் ஜில்பெர்த் பெரியே தம்பியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார். அதில் நாம் காண்பவர் அமைதியே உருவான முனிவர் அல்லர். அறிவின் வேகத்தால் பொறுமை இழப்பவர். அவரைத் திருப்திப்படுத்துவது எளிதன்று. ஆனால் தம் சொல் ஒருவரைப் புண்படுத்தியது என்று தெரிந்த உடனே, புண்பட்டவர் அதை மறக்கும்படி ஈடு செய்துவிடுபவர். கொதிப்பும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்த முகம் அது. எந்தக் கோட்டில் அதைப் பிடிப்பது?

இன்னொன்றும் உண்டு. இந்தச் 'சிரிக்காத' மனிதர் பாரிசு நகரையே சிரிக்க வைத்தவர். 1656, 1657ஆம் ஆண்டுகளில் அவர் புனைபெயரில் வெளியிட்ட 'மாநில மடல்கள்' பதினெட்டும் அன்றைய இறையியல் சண்டை ஒன்றில் பிறந்தவை. இயேசு சபையினர் சிலர் ஒப்புரவு அருளடையாளத்தில் பாவத்தை அளவுக்கு மீறி எளிதாக்கிவிட்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. அதை அவர் வசையாக எழுதவில்லை. ஒன்றும் அறியாதவர் போலக் கேள்வி கேட்டுக் கேட்டு எதிராளியின் வாயாலேயே நகைப்பை வரவழைத்தார். தூய காரியங்களில் கேலி தகுமா என்று எதிர்ப்பு எழுந்தபோது, தகும் என்று வாதிட ஒரு மடல் முழுவதையும், 11ஆம் மடலை, ஒதுக்கினார். மடல்கள் மறைவாக அச்சாகி வந்த நாள்களில் அவர் தங்கியிருந்தது, வேறு பெயரில், இயேசு சபைக் கல்லூரிக்கு எதிரே இருந்த ஒரு விடுதியில். அங்கே தங்கியிருந்த அவருடைய அக்காள் கணவரைக் காண உறவினரான சபைத் துறவி ஒருவர் வந்தார். அப்போது, புதிதாக அச்சான தாள்கள் திரைமறைவில் கட்டிலின்மேல் காய்ந்துகொண்டிருந்தனவாம். துறவி புறப்பட்டுப் போனதும் அவ்விருவரும் எப்படிச் சிரித்திருப்பர் என்பதை எந்தத் தகடும் நமக்குக் காட்டாது.

இம்மடல்களைத் திருச்சபை 1657இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றின் நியாய அநியாயங்களை எடைபோடுவது இங்கே நம் நோக்கமன்று. ஆனால் 5ஆம் மடலில் ஓர் இடம் தமிழகக் கத்தோலிக்கர்களாகிய நம்மை நேராகத் தொடுகின்றது. 1656ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாளிட்ட மடல் அது. இந்தியாவிலும் சீனாவிலும் இயேசு சபையினர் தம் கிறிஸ்தவர்களைச் சிலை வணக்கத்தில் கலந்துகொள்ள விடுகின்றனர் என்றும், ஆடைக்குள் இயேசுவின் உருவத்தை மறைத்துக்கொண்டு வெளியே செய்யும் வணக்கத்தை மனத்தளவில் அதற்கே செலுத்துமாறு கற்பிக்கின்றனர் என்றும் பாஸ்கல் அதில் சாடுகின்றார். மதுரை மறைபணித்தளத்தை அவர் பெயர் சொல்லவில்லை. எனினும் அம்மடலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், சனவரி 16ஆம் நாள், நம் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி மயிலாப்பூரில் கண் பார்வை குன்றிய முதியவராய் இறந்திருந்தார். காவியும் சந்தனமும் அணிந்த இவர் கிறிஸ்தவர்தானா என்று சொந்தச் சபையாரே ஐயுற்றதும், வெளித் தோற்றத்தைப் பற்றிய அவ்வழக்கு உரோமைவரை சென்றதும், பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நிபந்தனைகளோடு ஏற்றுத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஆணை வழங்கியதும் நாம் அறிந்த வரலாறு. அதே 1623ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் பாஸ்கல் பிறந்தார்.

தொலைவில் இருந்துகொண்டு, தாம் காணாத மனிதரை, தாள்களில் படித்ததைக் கொண்டு பாஸ்கல் தீர்ப்பிட்டார். ஆடைக்குள் மறைத்து வைத்த பத்தியை அவர் ஏற்கவில்லை. அப்படி எழுதிய நாளில் அவருடைய ஆடைக்குள் என்ன இருந்தது?

அவர் இறந்த சில நாள்களுக்குப் பிறகு, அவருடைய உடைகளைக் கையாண்ட பணியாளர் ஒருவர் மேலங்கியின் உள்துணியில் ஏதோ தடிப்பாக இருப்பதைத் தற்செயலாக உணர்ந்தார். பிரித்துப் பார்த்தபோது மடித்த தோல்தாள் ஒன்றும் அதனுள் காகிதம் ஒன்றும் இருந்தன. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வாசகம், பாஸ்கலின் கையெழுத்தில். 1654ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு பத்தரை மணி அளவிலிருந்து நள்ளிரவு கடந்து அரைமணி வரை தமக்கு நேர்ந்த இறை அனுபவத்தை அவர் அதில் பொறித்து வைத்திருந்தார். நெருப்பையும், உறுதியையும், அமைதியையும், எல்லாவற்றிற்கும் மேலாக மகிழ்ச்சியையும் மகிழ்ச்சிக் கண்ணீரையும் பற்றிய எழுத்து அது. எட்டு ஆண்டுகள் அதை எவருக்கும் காட்டவில்லை. உடை மாற்றும் போதெல்லாம் பழைய அங்கியிலிருந்து பிரித்துப் புதிய அங்கியில் தாமே தைத்துக்கொண்டார்.

எதெலிங்கின் ஓவியத்தில் அந்தக் கரிய மேலுடையை நாம் மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். மிக நுட்பமாகச் செதுக்கப்பட்ட துணி. கோட்டின்மேல் கோடு பாவி நெய்த கருமை. வெளியே அத்தனை கருமை. அத்தகைய ஓர் அங்கிக்குள்தான் மகிழ்ச்சி தைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது: முள் பதித்த இரும்புக் கச்சை. பிறர் தம்மைத் தேடி வந்து அறிவுரை கேட்கும்போது, தம் பேச்சுத்திறனில் தமக்கே இன்பம் பிறப்பதை உணர்ந்தால், முழங்கையால் அதை உடலோடு அழுத்திக்கொள்வாராம். எதிரில் அமர்ந்திருந்தவர் அம்முகத்தில் கணநேரம் தோன்றிய சுளிப்பை என்னவென்று பொருள் கொண்டிருப்பார்? செருக்கு என்றா, சலிப்பு என்றா?

ஆடைக்குள் உருவத்தை மறைத்த முகம் தெரியாத கிறிஸ்தவர்களைச் சாடியவர் ஆடைக்குள் தம் இறைவனையே மறைத்து வாழ்ந்தார் என்று சொல்லி அவரைக் குத்திக்காட்டுவது நம் எண்ணமன்று. இரண்டும் ஒன்றாகா. அங்கே மறைத்தது அச்சம். இங்கே மறைத்தது நாணம். ஆயினும் உள்ளே இருப்பதை வெளியே நிற்பவன் அளக்க முடியாது என்பது இரு பக்கத்துக்கும் பொருந்துகின்றது. எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே ஆண்டவர் தேர்ந்தவன் என்று எண்ணிய சாமுவேல் இறைவாக்கினரே அல்லவா? இறைவாக்கினருக்கே அப்படி என்றால் நம் கண்ணை என்னென்பது!

திருநீற்றுப் புதனன்று நாம் கேட்கும் நற்செய்தி, நோன்பிருப்போர் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கின்றது. முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் தேய்த்து, நோன்பை நோன்பாகவே காட்டாமல் இருக்கச் சொல்கின்றது. ஈகையையும் செபத்தையும் அவ்வாறே மறைவில் வைக்கச் சொல்கின்றது. அந்த அளவில் பாஸ்கல் நற்செய்தியின் சொல்லுக்கு அணுவும் பிசகாதவர். தாளை மறைத்தார், கச்சையை மறைத்தார், கொடையையும் மறைத்தார். ஆனால் மற்றொன்றையும் அவர் மறைத்தார். அங்கேதான் நம் உள்ளம் அவரோடு ஒத்துப்போக மறுக்கின்றது.

அக்காள் ஜில்பெர்த்திடம் அவர் பாராமுகமாய் இருந்தார். அன்போடு அருகில் சென்றால் விலகினார். கனிவாய்ப் பேசினால் வறட்சியாய் விடை சொன்னார். பிள்ளைகள் தாயைக் கட்டிக்கொண்டு கொஞ்சுவதைக் கூட அவர் விரும்பவில்லை. நோயாளியான தம்பிக்குப் பணிவிடை செய்த அக்காளுக்கு இது தாங்க முடியாத வேதனையாயிற்று. போர்-ரோயால் மடத்தில் துறவியாயிருந்த தங்கை ஜாக்லினிடம், தம்பிக்குத் தம்மீது அன்பில்லை என்று குறைபட்டுக்கொண்டார். ஜாக்லின் அதை ஏற்கவில்லை; அக்காள் விரும்பும் அளவுக்கு அன்பு அவருக்கு உண்டு என்று உறுதி சொன்னார். செயல்களும் அதையே காட்டின. ஜில்பெர்த்துக்கு ஏதேனும் உதவி தேவைப்பட்ட வேளையிலெல்லாம் முதலில் வந்து நின்றவர் அந்தத் தம்பியே. அன்பில்லாதவன் இப்படிச் செய்வானா என்று அவர் மனம் சொல்லும்; மறுபடியும் அந்த முகத்தைக் கண்டால் மனம் தளரும்.

விடை பாஸ்கலின் கையாலேயே எழுதிய சிறு தாள் ஒன்றில் இருந்தது. பிறர் தம்மீது பற்று வைப்பது தகாது என்றும், தாம் எவருக்கும் முடிவான இலக்கு அல்லர் என்றும், இறக்கப்போகிற தம்மை நம்பி ஒருவர் தம் உள்ளத்தைக் கட்டிக்கொள்ள விடுவது அவரை ஏமாற்றுவதாகும் என்றும் அவர் கருதினார். அன்பு கடவுளுக்கு உரியது; அதைத் தம்மிடம் நிறுத்திவைப்பது திருட்டு. அதற்காகவே முகத்தை இறுக்கிக்கொண்டார்.

எண்ணம் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. பிறர் தம்மைப் போற்ற வேண்டும், தம்மையே சார்ந்திருக்க வேண்டும் என்று இனிய முகம் காட்டி உள்ளங்களைச் சேர்த்துக்கொள்வோர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு அஞ்சி நடந்தவர் பாஸ்கல். எனினும் அவர் செய்தது சரி என்று நம்மால் சொல்ல இயலவில்லை. நோன்பையும் செபத்தையும் ஈகையையும் மறைக்கச் சொன்ன ஆண்டவர் அன்பை மறைக்கச் சொல்லவில்லை. இலாசரின் கல்லறை வழியில் அவர் எல்லார் கண் முன்னும் அழுதார். சுற்றி நின்றவர்கள் அதைக் கண்டே அவர் இலாசர்மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தார் என்று அறிந்துகொண்டார்கள். உடன்பிறந்தவளுக்கு ஒரு கனிந்த பார்வையை மறுப்பதால் அவள் கடவுளை அணுகுவாள் என்பது கணிதத்தில் சரியாயிருக்கலாம், குடும்பத்தில் சரியாகாது. ஜில்பெர்த் கடவுளை விட்டு விலகாதிருந்தது அந்தப் பாராமுகத்தால் அன்று, அதையும் மீறி.

தம் இறுதி நாள்களில் அந்த இறுகிய மனிதர் என்ன செய்தார் என்பதையும் ஜில்பெர்த்தே பதிந்து வைத்திருக்கின்றார். பாஸ்கல் தம் இல்லத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அவ்வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு வைசூரி கண்டது. தம்பியைப் பார்க்க நாள்தோறும் வந்துபோகும் அக்காள் வழியே நோய் அவருடைய பிள்ளைகளைத் தொற்றிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. ஏழைக் குடும்பத்தை வெளியேற்றுவதுதான் எவரும் செய்யக்கூடியது. பாஸ்கல் அவர்களை இருக்கவிட்டு, நிற்கவும் வலுவில்லாத நிலையில், தாமே வீட்டைவிட்டு வெளியேறினார். அக்காள் வீட்டுக்குச் சென்றார், அங்கேதான் இறந்தார். இடையில், தம்மைப் போலவே நோயுற்ற ஓர் ஏழையைத் தம் அருகில் வைத்துத் தமக்குச் செய்யும் அதே பணிவிடையைச் செய்ய வேண்டும் என்று கேட்டார். அது இயலாது என்றபோது, தீரா நோயாளர் மருத்துவமனைக்குத் தம்மைக் கொண்டுபோய் ஏழைகளின் நடுவே சாக விடும்படி வேண்டினார். அதுவும் நிறைவேறவில்லை. அதன் பிறகே, ஒன்றுக்கும் எதிர்ப்புச் சொல்ல இயலாத அந்த முகத்தின்மேல் சாந்து அப்பப்பட்டது. தம்மீது எவரும் பற்று வைக்கக் கூடாது என்று வாழ்ந்தவரின் முகத்தை, பற்று வைத்திருந்தவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்பதில் ஐயமில்லை. மூலப்பொருளை மதிக்காத மனிதர் அதன் சாயலை மட்டும் வியந்து நிற்பதை அவர் தம் குறிப்பொன்றில் நகைத்திருக்கின்றார். அப்படியானால் அவர் விருப்பத்துக்கு மாறாக அவர் முகத்தை எடுத்தது தவறா? இறந்தவரின் நிழற்படத்துக்குச் சட்டமிட்டுத் திருஇருதய ஆண்டவர் படத்தின் அருகில் மாட்டி வைக்கும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று. இருப்பவர்களுக்கு ஒரு முகம் வேண்டியிருக்கின்றது. அதைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அம்முகத்தை வைத்துக்கொண்டு அவர் இன்னார் என்று தீர்ப்பெழுதத் தொடங்கும்போதுதான் தவறு தொடங்குகின்றது.

அவ்வாறு தீர்ப்பெழுதியவர்கள் இருந்தார்கள். சிண்டிரெல்லா கதையை நமக்குத் தந்த சார்ல் பெரோ, தம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்மிக்க பிரெஞ்சு மனிதர்களைப் பற்றி உருவப் படங்களோடு ஒரு பெருநூலை 1696இலும் 1700இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். எதெலிங்கின் பாஸ்கல் அந்நூலுக்கு உரியவர். ஆனால் முதல் தொகுதி வெளிவந்தபோது, பாஸ்கலின் படமும் அவருடைய நண்பரான இறையியலார் அந்துவான் அர்னோவின் படமும் நீக்கப்பட்டிருந்தன. அவ்விடங்களில் வேறு இருவர் அமர்த்தப்பட்டனர். இயேசு சபையினரின் அழுத்தமே காரணம் என்று அன்றே பேசப்பட்டது. பின்னர் வந்த படிகளில் இருவரும் மீண்டும் இடம் பெற்றனர்.

பழைய உரோமையில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கி.பி. 22இல் யூனியா என்னும் மூதாட்டி இறந்தபோது, அவருடைய இறுதி ஊர்வலத்தில் இருபது பெருங்குடிகளின் முன்னோர் முகவார்ப்புகள் ஏந்திச் செல்லப்பட்டன. அவருடைய கணவர் காசியுசின் முகமும் உடன்பிறந்தவர் புரூட்டசின் முகமும் மட்டும் அங்கே இல்லை. சீசரைக் கொன்றவர்கள் என்பதால் அவை காட்டப்படவில்லை. காட்டப்படாததாலேயே எல்லாருடைய நினைவும் அவ்விரு முகங்களின்மேல் சென்றது என வரலாற்றாசிரியர் தாசித்துஸ் பதிவு செய்கின்றார். பெரோவின் நூலில் வெட்டப்பட்ட பக்கத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

காலம் இதையும் ஆற்றியது. பாஸ்கல் பிறந்து 400 ஆண்டுகள் நிறைந்த நாளில், 2023ஆம் ஆண்டு சூன் 19 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் போற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். மனிதனின் மேன்மையும் சிறுமையும் என்பது அதன் தலைப்பு. எழுதியவர் இயேசு சபையைச் சேர்ந்த முதல் திருத்தந்தை.

பாஸ்கலின் இளமை முகம் ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கின்றது. சட்ட அறிஞரும் அவருடைய ஊர்க்காரருமான நண்பர் ழான் தொமா, ஒரு சட்ட நூலின் அட்டையில் செஞ்சுண்ணத்தால் வரைந்தது என்று கருதப்படும் சிறு வரைவு அது. அதற்குச் சட்டமும் இல்லை, பீடமும் இல்லை. எவரும் பார்ப்பதற்கென்று வரைந்ததாகத் தோன்றவில்லை; புத்தகத்தை மூடினால் முகமும் மறைந்துவிடும். எதெலிங்கின் கைத்திறனில் நூற்றில் ஒரு பங்கும் அதில் இல்லை. ஆயினும் உயிருள்ள ஒருவர் எதிரில் இருந்தபோது, அவரை நேசித்த ஒருவர் கையால் வந்தது அது.

ஜில்பெர்த் 1687இல் இறந்தார். பெரோவின் நூல் வெளிவர அப்போது இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. நீள்வட்டச் சட்டத்தினுள் கண் திறந்திருக்கும் தம்பியை அந்நூலின் பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. தம் முன்னே பல முறை இறுகிக்கொண்ட அந்த முகத்தின் காரணத்தை, தம்பியின் கையெழுத்தில் இருந்த அச்சிறு தாளில் படித்திருந்தார்; அதைத் தாம் எழுதிய வரலாற்றில் அப்படியே எடுத்து எழுதி வைத்தார்.